விளக்கைத் தணிக்க வேண்டியவர் யார்?

விண்மீன்களைக் காண விழைவோர் முதலில் தேட வேண்டியது தொலைநோக்கியை அன்று, இருளை. அமாவாசையை ஒட்டிய இரவில் நகரை விட்டு விலகி, கைவிளக்கையும் அணைத்துவிட்டு, அரைமணி நேரம் காத்திருந்தால் கண் இருளுக்குப் பழகும். அதன்பிறகே பால்வீதி மெல்லப் புலப்படும். நகரத்திலோ விடியும்வரை காத்திருந்தாலும் அது தோன்றாது. மேல்மறைப்பில்லாத விளக்குகளின் ஒளி வானோக்கிச் சென்று, தூசியிலும் நீராவியிலும் சிதறி, நம் தலைக்குமேல் வெண்திரையாக விரிந்துகிடக்கிறது. மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேலானோர் பால்வீதியைக் காண இயலாத இடங்களில் வாழ்வதாக 2016-ல் வெளிவந்த உலக வரைபட ஆய்வொன்று கணித்தது.

ஆகவே இருளைத் தேடி ஓடுகிறோம். இவ்வோட்டத்திற்கு நம் திருச்சபையிலேயே சான்றுண்டு. 1891-ல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் வத்திக்கானில் புதுப்பித்து நிறுவிய வானாய்வகம், உரோமை நகரின் ஒளி மிகவே, 1930-களில் காஸ்தல் கந்தோல்போவுக்குப் பெயர்ந்தது. ஒளி அங்கும் துரத்தி வந்தது. 1993-ல் அதன் புதிய தொலைநோக்கி அமெரிக்காவின் அரிசோனாவில், கிரகாம் மலைமீது அமைந்தது. அம்மலையோ அப்பாச்சிப் பழங்குடியினர் பலருக்குப் புனிதமானது. அவர்கள் எதிர்த்தனர், வழக்குகளும் நடந்தன. வானியலுக்குத் திருச்சபை ஆற்றிய தொண்டைப் பெருமையுடன் பேசும் நாம், இதனையும் சற்றுக் கூச்சத்தோடாவது நினைவுகூர்தல் நேர்மை.

இருள் எஞ்சியிருக்கும் இடங்களில் பெரும்பாலும் எளியோரே வாழ்கின்றனர். சில ஆண்டுகளுக்குமுன் நாம் நண்பர் சிலருடன் ஜவ்வாது மலைக்குச் சென்றோம். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்கிவரும் காவலூர் அம்மலையில்தான் உள்ளது. வழியில் ஒரு சிற்றூரில் எதற்கு வந்தோமென்று மூதாட்டி ஒருவர் வினவினார். சொன்னோம். "கரண்டு வேணும்னு மனுப் போட்டுப் போட்டு அலைஞ்சோம் சாமி. நீங்க இருட்டைத் தேடி வந்திருக்கீங்களே!" என்று சிரித்தார். அன்றிரவு வானம் அள்ளித் தந்தது. ஆயினும் அச்சிரிப்பே நம் மனத்தில் நெடுநாள் நின்றது.

லடாக்கிலுள்ள ஹான்லேயில் 2022 டிசம்பரில் 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள மக்கள் சன்னல்களுக்குத் திரையிடுகின்றனர், விளக்குகளுக்கு மறைப்பிடுகின்றனர். ஊரார் சிலர் பயிற்சி பெற்று, வருவோர்க்கு விண்மீன்களைக் காட்டிப் பொருளும் ஈட்டுகின்றனர். இருளைக் காப்போர்க்கே அதன் பயன் சேர்வது நன்று. எனினும் ஹான்லேயின் ஒற்றைச் சன்னலுக்குத் திரை கேட்கும் நாம், இங்கே நம் தெருவிளக்கிற்கு ஒரு தகர மறைப்புக்கூடக் கேட்பதில்லையே! இரவில் நடமாடும் பெண்களுக்கு வெளிச்சம் வேண்டாமா எனலாம். கட்டாயம் வேண்டும். ஆனால் அது அவர்கள் நடக்கும் தரையிலன்றோ விழவேண்டும்!

சென்ற ஆண்டு, திருவிழாவுக்குப் பின்னும் நம் ஆலயக் கோபுர விளக்குகள் இரவெல்லாம் எரிந்தன. பத்து மணிக்குமேல் அவற்றை அணைக்கலாமே என்று பங்குப் பேரவையில் கேட்டோம். "பக்கத்துப் பங்கில் முதலில் அணைக்கட்டும், பார்க்கலாம்" என்றார் ஒருவர்.