சுறாவுக்கு மந்திரம், மச்சான் கையில் கயிறு

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், ஒவ்வொரு தோணியிலிருந்தும் நாள்தோறும் பத்துச் சிப்பி கூலியாக வாங்கிய ஒரு மனிதர் இருந்தார். அவர் தண்ணீரில் இறங்கமாட்டார், துடுப்புப் போடமாட்டார், கயிறும் இழுக்கமாட்டார். கரையில் இருந்தபடி மந்திரம் சொல்லிச் சுறாமீனின் வாயைக் கட்டுவார். கடல்கட்டி என்று அவருக்குப் பெயர். வெள்ளைக்கார அரசாங்கமும் அவருக்குத் தனியாகச் சம்பளம் கொடுத்தது. துரைமார்களுக்கு மந்திரத்தில் நம்பிக்கை வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கடல்கட்டி வராவிட்டால் குளியாட்கள் இறங்க மறுப்பார்கள், அவர்கள் இறங்காவிட்டால் கஜானாவுக்கு வரும்படி இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

இது பழைய தொழில். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். மீனை மயக்குகிறவர்களுக்கு அப்போது எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு. பகலில் கட்டிய மந்திரத்தை இரவில் அவர்களே அவிழ்த்துவிடுவார்களாம், யாரும் திருட்டுத்தனமாக முத்துக் குளிக்கக்கூடாது என்பதற்காக. சம்பளமில்லாத இரவுக் காவலுக்குச் சுறாவை வைத்த மூளையை மெச்சத்தான் வேண்டும்.

இலங்கையில் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அரிப்புக் கரையில் கண்டது இன்னும் வேடிக்கை. பரம்பரைக் கடல்கட்டி அப்போது ரோமன் கத்தோலிக்கர். மதம் மாறியும் மந்திரம் மாறவில்லை. அன்றைக்கு அவருக்கு உடம்பு சரியில்லை, பதிலாள் ஒருவரை அனுப்பியிருந்தார். பதிலாளோ வெள்ளை மனது: தனக்கு மந்திரம் தெரியாது, ஆனால் இன்னார் அனுப்பிய ஆள் என்று சுறாக்கள் மதித்து ஒதுங்கிக்கொள்ளும் என்றாராம். பிரிட்டிஷார் அதுவரை ஆண்ட அத்தனை ஆண்டுகளில் சுறா கடித்ததாக உறுதிப்பட்ட சம்பவம் ஒன்றுக்கு மேல் இல்லை என்றும் டென்னன்ட் எழுதுகிறார். நூற்றுக்கணக்கான தோணிகள், ஆயிரக்கணக்கான ஆட்கள், ஓயாத கூச்சல். சுறா தானாகவே விலகிப் போயிருக்கும். பேர் மட்டும் மந்திரத்துக்கு.

குளியாட்களை மூடர்கள் என்று சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. தூத்துக்குடிக் கரையில் இன்றும் சொல்லப்படும் ஒரு வழக்கத்தைக் கேளுங்கள். காலில் கல்லைக் கட்டி இறங்குகிறவனின் உயிர், மேலே தோணியில் கயிறு பிடித்திருப்பவன் கையில் இருக்கிறது. கீழே இருப்பவன் கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவன் இழுத்தாக வேண்டும். அந்த இடத்தில் யாரை நிறுத்துவது? கூடப்பிறந்த அண்ணன் தம்பியை நிறுத்தமாட்டார்கள். சொத்தில் பங்காளி அவன். மனைவியின் அண்ணனோ தம்பியோதான் கயிறு பிடிப்பான். கூடப்பிறந்தவள் தாலியறுக்கக் கூடாதே என்ற கவலை அவன் கையில் இருக்கும். கடல்கட்டிக்குப் பத்துச் சிப்பியைக் கொடுத்தவன் கயிற்றை அவரிடம் கொடுக்கவில்லை பாருங்கள். கும்பிடுவது ஓரிடம், உயிரை ஒப்படைப்பது வேறிடம். எது வேலை செய்யும் என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சினிமாக்காரியின் வாழ்க்கைக்கு வருவோம்.

1908இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்தவர் மேரி ஆன் இவான்ஸ். அப்பா பிரிட்டிஷ் ராணுவக்காரர். குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பம்பாய்க்கு வந்துவிட்டது. முதல் உலகப் போரில் அப்பா இறந்துபோனார். 1922இல் பெஷாவருக்குப் போன இடத்தில்தான் அந்தப் பெண் குதிரை ஏறவும் வேட்டையாடவும் துப்பாக்கி பிடிக்கவும் கற்றுக்கொண்டார். 1928இல் கைக்குழந்தையோடு பம்பாய் திரும்பினார். கடையில் விற்பனைப் பெண்ணாக நின்றார், சுருக்கெழுத்துப் படித்தார், ஒரு ரஷ்ய ஆசிரியையின் நடனக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராக ஆடினார், சர்க்கஸிலும் வேலை பார்த்தார். அந்த அலைச்சலில் ஒரு குறிசொல்லி, "என்" என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பெயர் வைத்தால் பேரும் புகழும் வரும் என்று சொல்ல, மேரி நாடியா ஆனார்.

1935இல் வாடியா மூவிடோன் தயாரித்த 'ஹண்டர்வாலி' படத்தில் முகமூடி போட்டு, சவுக்கைச் சுழற்றி, குதிரை மேல் வந்தார். வாங்க ஆளில்லாமல் தயாரிப்பாளர்களே வெளியிட்ட படம் அது. பம்பாயில் 25 வாரத்துக்கு மேல் ஓடியது. அடுத்த ஆண்டு 'மிஸ் ஃப்ரண்டியர் மெயில்', அதில் ஓடும் ரயில் கூரையில் சண்டை. 1942இல் 'ஜங்கிள் பிரின்சஸ்', அதில் சிங்கங்களோடு நடிப்பு. ஆண்களைத் தோளில் தூக்கிச் சுழற்றி எறிவது அவருக்குச் சாதாரணம். எல்லாம் அவரே செய்தார். 'பயமறியா நாடியா' என்று நாடே பட்டம் கொடுத்தது.

இப்போது சொல்லுங்கள். இத்தனையும் ஓர் எழுத்தால் வந்ததா? பெஷாவரில் குதிரையிலிருந்து எத்தனை முறை விழுந்திருப்பார், நடனப் பயிற்சியில் எத்தனை நாள் உடம்பு நொந்திருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. நாடியாவின் கதையை எழுதுகிறவர்கள் குறிசொல்லியை மட்டும் மறக்காமல் எழுதுகிறார்கள். பத்துச் சிப்பி இங்கேயும் கரையில் உட்கார்ந்திருந்தவருக்கே போகிறது. இத்தனைக்கும் அவரை அறிமுகப்படுத்திய ஜே. பி. எச். வாடியா, எம். என். ராயின் கொள்கைவழி நின்ற பகுத்தறிவாளர். அவர்கூட 'நந்தா தேவி' என்று பெயர் மாற்றிப் பின்னல் சடை வைக்கச் சொல்லிப் பார்த்தார். நாடியா மறுத்துவிட்டார். குறிசொல்லி பேச்சைக் கேட்டு வைத்த பெயரை முதலாளிக்காக விடவில்லை என்பதில் கொஞ்சம் முரண்டு இருக்கிறது. அந்த முரண்டு எனக்குப் பிடித்திருக்கிறது.

திரையில் கொள்ளையரையும் கொடுங்கோல் மந்திரிகளையும் சவுக்கால் விளாசியவர், தன்னை இயக்கிய ஹோமி வாடியாவைத் திருமணம் செய்துகொள்ள 1961 வரை காத்திருந்தார். அப்போது அவருக்கு வயது 53. ஹோமியின் குடும்பத்தில் எதிர்ப்பு. சிங்கத்தின் முன் நின்ற பெண்ணைக் குடும்ப மானம் ஒரு கால் நூற்றாண்டு நிறுத்தி வைத்தது. தியேட்டரில் கைதட்டிய அதே சமூகம்தான் இதையும் செய்தது.

"அவள் வெள்ளைக்காரி, செய்வாள். நம் பெண்கள் செய்வார்களா?" என்று ஒரு முணுமுணுப்பு எழும். செய்தார்கள். 1937இல் கே. அமர்நாத் இயக்கத்தில் வந்த 'மின்னல்கொடி' தமிழ்ப் படத்தில் கே. டி. ருக்மணி ஆண்வேடம் பூண்டு கொள்ளைத் தலைவியாக வந்தார். நாடியாவுக்குப் பின்னால் இரண்டே ஆண்டு. தமிழ்ப் பெண்ணின் இடுப்பெலும்பு குதிரைச் சேணத்துக்குப் பொருந்தாது என்று எந்த உடற்கூற்று நூலும் சொல்லவில்லை. ஆனால் அந்த வீரம் ஆண் உடுப்பைப் போட்ட பிறகே வந்தது. சேலையோடு திரும்பியதும் அவள் பழையபடி பெண். வீரத்தையும் நாம் வாடகை உடையாகத்தான் கொடுத்தோம்.

அமெரிக்காவிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. ஊமைப்படக் காலத்தின் ஹெலன் கிப்சன், குதிரைச் சாகசக் காட்சிகளில் தொடங்கி, 'ஹெலனின் ஆபத்துகள்' என்ற தொடர்படத்தில் நிலையக் கூரையிலிருந்து ஓடும் ரயில் மீது குதித்தவர். அமெரிக்காவின் முதல் தொழில்முறைப் பெண் சாகசக் கலைஞர் என்று அவரைச் சொல்வார்கள். பேசும்படம் வந்ததும் பெயர் போடாத வேடங்களுக்கு இறங்கினார். எழுபதை நெருங்கும் வயதில், ஜான் ஃபோர்டு இயக்கி 1962இல் வெளிவந்த ஒரு படத்துக்குக் குதிரை வண்டி ஓட்டிக்கொடுத்தார். கூலி 35 டாலர்.

நம் கரைக்குத் திரும்புவோம். பெண் தோணியில் ஏறினால் தீட்டு, வலையைத் தாண்டினால் மீன் படாது என்பதெல்லாம் மீனவ ஊர்களில் நெடுங்காலம் பேசப்பட்ட பேச்சு. கேரளக் கரையில் இது இன்னும் ஒரு படி மேல். கரையில் இருக்கும் மனைவி கற்புத் தவறினால் கடலுக்குப் போன கணவன் திரும்பமாட்டான் என்பது நம்பிக்கை. தகழியின் 'செம்மீன்' நாவல் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. கணக்கின் அநியாயத்தைப் பாருங்கள். மந்திரம் பலிக்காவிட்டால் கடல்கட்டிக்குச் சாக்கு உண்டு. பதிலாள் வந்தான் என்பார், உடம்பு சரியில்லை என்பார். கணவன் புயலில் செத்தால் மனைவிக்கு எந்தச் சாக்கும் கிடையாது. கூலியே வாங்காத கடல்கட்டி அவள், தண்டனை மட்டும் அவளுக்கு.

கடல் பெண்ணுக்கு ஆகாது என்றால் ஜப்பானில் எப்படி ஆனது? அங்கே மிக்கிமோட்டோவின் முத்துப் பண்ணைகளுக்குச் சிப்பி எடுத்துக் கொடுத்தவர்கள் 'அமா' என்னும் பெண் குளியாட்கள். தென்கொரியாவின் ஜெஜு தீவில் கடலாடும் பெண்களின் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்துக் கௌரவித்தது. அங்கேயும் இதே உப்புத் தண்ணீர்தான், இதே நுரையீரல்தான்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை நீளும் இதே வளைகுடாவில், பாம்பன் பக்கத்துத் தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றி, மூச்சை அடக்கி, பாசிக்காக முங்குகிறார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவில் சீக்காலஜி பரிசு கொடுத்தார்கள். முத்துக்குத் தீட்டு, பாசிக்குத் தீட்டு இல்லையா? விலை அதிகமான பொருளுக்குத்தான் சாத்திரம் காவல் இருக்கும் போலும். தூத்துக்குடி உப்பளத்தில் நாள் முழுக்க உப்புநீரில் கால் வெந்து, வெயிலில் கண் கூசி, தலையில் உப்புக் கூடை சுமக்கும் பெண்ணிடம் போய் "இது பெண்ணுக்கு ஆகாத வேலை" என்று யாரும் சொன்னதில்லை. அவள் சுமக்கும் ஆபத்தை யாரும் சாகசம் என்று அழைப்பதும் இல்லை, தீட்டு என்று தடுப்பதும் இல்லை. கூலி குறைவாக இருக்கும் வரைக்கும் பெண்ணின் உடம்பு எதையும் தாங்கும் என்பதே நம் சாத்திரத்தின் உட்பொருள்.

அந்த முத்து இன்று என்ன ஆனது? 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் பழைய மாதிரி முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973இல் இதே ஊரில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் சிப்பிக்குள் கருமணியை வைத்து முத்து விளைவித்துக் காட்டினார்கள். அதற்கு மந்திரம் தேவைப்படவில்லை. கத்தி பிடிக்கத் தெரிந்த கை போதும், அது ஆண் கையா பெண் கையா என்று சிப்பி கேட்பதில்லை.

துணிச்சல் ஏதோ வரம் என்று பேசுவது நமக்கு வசதி. வரமென்றால் சிலருக்கு வரும், சிலருக்கு வராது, நாம் செய்ய ஒன்றுமில்லை. பயிற்சி என்று ஒப்புக்கொண்டால் கேள்வி வருகிறது: யாருக்குக் கற்றுக்கொடுத்தோம், யாருக்குக் கற்றுக்கொடுக்காமல் விட்டோம்? நாடியாவுக்குப் பெஷாவரில் ஒரு குதிரை கிடைத்தது. நம் கடற்கரைப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது?

2004 டிசம்பர் 26 அதற்குப் பதில் சொன்னது. ஆழிப்பேரலைக்குப் பின் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு வெளியிட்ட அறிக்கையின்படி, கடலூர் மாவட்டத்தில் இறந்த ஆண்கள் 146 பேர், பெண்கள் 391 பேர். காரணம் ஒன்றல்ல. ஆண்கள் பலர் அந்த நேரத்தில் ஆழ்கடலில் இருந்தார்கள், அலை அவர்களுக்கு அடியில் கடந்து போனது. பெண்கள் மீன் வாங்கக் கரையில் காத்திருந்தார்கள், கையில் பிள்ளைகள் இருந்தார்கள், காலைச் சேலை சுற்றியது. இவற்றோடு, பல பெண்களுக்கு நீந்தத் தெரியாது என்பதும் அந்த அறிக்கையில் இருக்கிறது. கடலையே பார்த்துப் பிறந்து, கடல் மீனை விற்றுப் பிழைத்து, கடலோரத்திலேயே வாழ்ந்தவர்களுக்கு நீச்சல் தெரியவில்லை. அந்த ஊர்ப் பையன்களுக்கு ஏழெட்டு வயதில் தெரிந்துவிடுகிற ஒரு வித்தை அது. வயதுக்கு வந்த பெண் தண்ணீரில் என்ன ஆட்டம் என்று கேட்டவர்கள் யாரும் அன்று கரையில் வந்து கணக்குக் கொடுக்கவில்லை.

தூத்துக்குடியில் மட்டுமல்ல, எந்தக் கடற்கரை ஊரில் இதைப் படித்தாலும் சரி, உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைக்குப் பத்து வயதுக்குள் நீச்சல் கற்றுக்கொடுங்கள். மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள் ஏற்றிக்கொள்ளுங்கள், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள் ஊற்றிக்கொள்ளுங்கள். வயதுக்கு வந்துவிட்டாள் என்று மட்டும் அவளைத் தண்ணீரிலிருந்து கரையேற்றாதீர்கள்.