காரணம் கேட்காத படிவம்

“அடிச்சானா? குடிக்கிறானா? வேற தொடர்பா?” பிரிய நினைக்கும் பெண்ணிடம் நம் வீடுகள் கேட்கும் கேள்விகள் இவை. மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் அவளுக்குத் திமிர். சட்டமும் ஏறக்குறைய இதையே கேட்கிறது. இந்து திருமணச் சட்டப்படி, கணவன் சம்மதிக்காவிட்டால் கொடுமை போன்ற ஏதோவொன்றை அவள் நிரூபித்தாக வேண்டும்.

இங்கிலாந்திலும் அப்படித்தான் இருந்தது. 1978இல் மணந்த கணவரைப் பிரிய டினி ஓவன்ஸ் உச்ச நீதிமன்றம்வரை போனார். அவர் சொன்ன காரணங்கள் போதவில்லை, 2018இல் தோற்றார். 2022 ஏப்ரல் 6 முதல் அங்கே காரணமே வேண்டாம். வழக்கறிஞர் இல்லாமல் இணையத்தில் விண்ணப்பித்து, திருமணம் மீளமுடியாதபடி முறிந்துவிட்டதென்று ஒருவர் அறிவித்தால் போதும். 20 வாரம், பிறகு 6 வாரம் காத்திருக்க வேண்டும். காயத்தைக் காட்ட வேண்டியதில்லை.

ஒரு பெண்ணின் சொல்லே சான்றாவது சிறிய விஷயமல்ல. ஆனால் காரணம் கேட்காத விவாகரத்து, வீட்டையும் சேமிப்பையும் ஓய்வூதியத்தையும் தானாகப் பங்கிட்டுத் தராது. அவற்றைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். அலுத்துப்போனவள் ‘எதுவும் வேண்டாம், விட்டால் போதும்’ என்று வெளியேறினால் அது விடுதலையா, பழைய விட்டுக்கொடுத்தலா?

பிரிவுக்குக் காரணம் சொல்லாமலிருப்பது அவள் உரிமை. அத்தனை வருட உழைப்புக்குக் கணக்குக் கேட்பதும் அவள் உரிமைதான். முதலாவதற்கு வழக்கறிஞர் தேவைப்படாமல் போகலாம். இரண்டாவதற்கு ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை.