பிற்காலத்தார் கையில் முற்காலம்

போர்க்களம் சார்ந்த விஞ்ஞானப் புனைகதைகளை எமது இலக்கிய மாணவர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. துப்பாக்கியும் தந்திரோபாயமும் நிறைந்த அந்நூல்களிலே அறவியற் பிரச்சினைக்கு இடமேது என்பதே பொதுவான எண்ணம். எஸ். எம். ஸ்ரேர்லிங் என்பார் 1998இல் வெளியிட்ட ‘ஐலண்ட் இன் த சீ ஒஃப் ரைம்’ என்ற நாவலை நானும் அவ்வெண்ணத்துடனேயே கையிலெடுத்தேன். நூலை மூடியபோது அவ்வெண்ணம் நிலைக்கவில்லை.

அமெரிக்காவின் மசசூசெற்ஸ் கரைக்கு அப்பாலுள்ள நன்ரக்கற் தீவு, தன் மக்களோடும், அயலில் நின்ற கரையோரக் காவற்படையின் ‘ஈகிள்’ என்னும் பயிற்சிப் பாய்க்கப்பலோடும், காரணம் புலப்படாத நிகழ்வொன்றினால் கி.மு. 1250ஆம் ஆண்டுக்குள் எறியப்படுகின்றது. திரும்பிவர வழியில்லை. எகிப்திலே அப்போது எழுத்துண்டு. இவர்கள் தானியந்தேடிச் செல்லும் பிரித்தானியாவோ வரலாற்றுக்கு முற்பட்ட வெண்கலக் காலத்திலே கிடக்கின்றது. காலத்தால் பிந்திய அறிவைப் பெற்றோர், அதனைப் பெறாதோரிடையே எவ்வாறு ஒழுகுதல் வேண்டும் என்ற வினா இங்கே எழுகின்றது.

‘தலையிடாதிருத்தல்’ என்பது உடனே தோன்றும் விடை. ஆனால் நாவல் அதனை ஆரம்பத்திலேயே தகர்த்துவிடுகின்றது. தீவினரின் சாதாரண நோய்கூட, அதற்கு எதிர்ப்பாற்றல் இல்லாத பெருநில மக்களுக்குக் கூற்றுவனாகிவிடுகின்றது. இது வெறுங் கற்பனையன்று. அதே நன்ரக்கற்றில் 1763-64இல் பரவிய கொள்ளைநோயினால், அங்கு எஞ்சியிருந்த வம்பனோக் பழங்குடியினர் 358 பேரில் 222 பேர் மாண்டனர். தீண்டாது நிற்றல் இயலாதெனின், தீண்டியவன் எவருக்குப் பொறுப்புக் கூறவேண்டும் என்பதே எஞ்சும் வினா.

இவ்வகையில் வில்லியம் வோக்கர், பமெலா லிஸ்கெற்றர் ஆகிய இரு பாத்திரங்களும் கவனத்துக்குரியன. காவற்படை அதிகாரியான வோக்கர் கப்பலொன்றையும் ஆயுதங்களையும் கவர்ந்து சென்று பிரித்தானியாவிலே போர்த்தலைவனாகின்றான். அவனுடைய தீமை வெளிப்படையானது. அதிகம் சிந்திக்க வேண்டியதில்லை. லிஸ்கெற்றரே என்னைக் கூடுதலாகத் துன்புறுத்திய பாத்திரம். பிற்காலத்தில் வரவிருக்கும் ஐரோப்பியரிடமிருந்து அமெரிக்கப் பழங்குடிகளைக் காக்கும் நோக்குடன், அவளும் அவளது கூட்டத்தினரும் ஒல்மெக் மக்களிடம் ஆயுதங்களுடன் செல்கின்றனர். முயற்சி பேரழிவில் முடிகின்றது. அவள் ஒல்மெக் மக்களை நேசித்தாள். ஆனால் அவர்கள் எத்தகையோர், எதனை வேண்டுவோர் எனக் கேட்டறியவில்லை. அவள் நேசித்தது தன் மனத்திலிருந்த ஒல்மெக்கரையே. (ஆசிரியர் அவளைச் சற்று எள்ளலுடன் படைத்துள்ளார் என்பதையும் சொல்லவேண்டும். நல்லெண்ணத்தை ஏளனஞ்செய்வது எளிது.)

பிறவாதோரின் நிலை என்ன? மூவாயிரம் ஆண்டு வரலாறு மாறின், பின்னர் பிறந்திருக்க வேண்டியோர் பிறவார். வேறு எவரோ பிறப்பர். டெரெக் பாஃபிற் என்னும் மெய்யியலாளர் 1984இல் வெளியிட்ட தமது நூலில் இத்தகைய சிக்கலொன்றை விரிவாக ஆராய்ந்தார். ஒரு செயல் நிகழாதிருந்தால் நான் பிறந்திருக்கவே மாட்டேன் எனின், அச்செயல் எனக்குத் தீங்கிழைத்தது என நான் எவ்வாறு முறையிடலாம்? இதன்படி, வோக்கரின் அரசிலே பிறக்கும் குழந்தை, தன் பிறப்புக்குக் காரணமான அவன்மீது குறைகூற முடியாது. ஆனால் இத்தர்க்கம் வோக்கரை விடுவிக்காது. அவனால் அடிமையாக்கப்பட்டவர்கள் அவன் வருமுன்னரே உயிருடன் இருந்தவர்கள். அவர்களது முறைப்பாட்டை எந்தத் தர்க்கமும் கரைத்துவிடாது. ஆகவே, பிறவாத தலைமுறைகளின் பெயரால் கணக்குப் பார்ப்போரைவிட, எதிரே நிற்கும் மனிதனுக்குக் கடமைப்பட்டவரின் பக்கமே நான் நிற்பேன்.

அப்பக்கம் நிற்பதும் இலகுவன்று. ‘ஈகிள்’ கப்பலின் தலைவி மரியன் ஓல்ஸ்ரன், வோக்கரை எதிர்க்க ஃபியர்னன் என்னும் மக்களைப் படையாகத் திரட்டுகின்றாள். அவர்கள் திங்களை வழிபட்டு, விண்மீன்களைக் கணித்து வாழ்வோர். ஆயுதந் தராவிடில் அவர்கள் அழிவர். ஆதலால் அவள் செய்ததைக் குறைகூற என்னால் இயலவில்லை. ஆனால் வெற்றிக்குப் பின்னரும் அணிவகுப்புக் கலையவில்லை. தொடர்ந்துவந்த நாவல்களிலே ஃபியர்னன் இளைஞர் தீவின் படைகளிற் சேவை செய்கின்றனர். ஆசிரியர் இதனை முன்னேற்றமாகவே காண்கின்றார். விண்மீன் கணிதத்தைப் பேணிவந்த அம்மக்களின் மூதாட்டியரிடம் இதனை ஒருவரேனும் கேட்டனரா?