தீங்கற்றது என்னும் சொல்

உடலில் ஒரு கட்டி தோன்றியதும் நாம் கேட்கும் முதற் கேள்வி, "புற்றுநோயா?" என்பதே. "இல்லை, தீங்கற்ற கட்டிதான்" என்று மருத்துவர் கூறியதும் வீடே ஆறுதல் அடைகிறது. அந்த ஆறுதல் நியாயமானதே. ஆயினும், எந்த அளவிற்குத் தீங்கற்றது என்று நாம் மேலும் கேட்பதில்லை.

முழங்கால் மூட்டின் உட்சவ்வில் அரிதாகத் தோன்றும் கட்டி ஒன்றை எண்ணிப் பார்ப்போம். மருத்துவர்கள் அதனை 'டெனோசைனோவியல் ஜயன்ட் செல்' கட்டி என்பர். 1941-இல் ஜாஃபே முதலிய மூவர் அதனை விவரித்தபோது வெறும் அழற்சி என்றே கருதினர். பிற்கால ஆய்வுகளே அது மரபணுப் பிறழ்வால் எழும் கட்டி எனக் காட்டின. பிறழ்ந்த செல்கள் சிலவே. அவை சுரக்கும் புரதத்தின் அழைப்பால் பிற செல்கள் வந்து குவிகின்றன.

வீக்கமும் வலியும் விட்டுவிட்டு வருவதால், பழைய அடி என்றோ வாதம் என்றோ எண்ணி ஆண்டுகள் கழிந்துவிடுவதுண்டு. எக்ஸ்ரே பல வேளைகளில் எதையும் காட்டாது. எம்.ஆர்.ஐ. படத்தில், கசிந்த குருதியின் இரும்புச்சத்து கரிய திட்டுகளாய்த் தெரியும். திசுப் பரிசோதனை ஐயத்தைத் தீர்க்கும். ஓரிடத்தில் திரண்டு நிற்கும் கட்டியைப் பெரும்பாலும் அறுவையால் அகற்றிவிடலாம். மூட்டெங்கும் பரவியதோ, அகற்றிய பின்னும் மீண்டும் முளைக்கக்கூடும். மூட்டையே அரிக்கவும் கூடும். அது உயிரைப் பறிப்பது மிக மிக அரிது. ஆனால் படியேறுவதையும் முழந்தாளிடுவதையும் அன்றாட உழைப்பையும் அது பறிக்க வல்லது.

இங்கேதான் அறநெறிக் கேள்வி எழுகிறது. உயிரைக் கொல்லாத நோய்க்காக எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம்? அறுவைக்கு எளிதில் வசப்படாத இக்கட்டிக்கென பெக்சிடார்டினிப் என்னும் மருந்தை, ஈரலைக் கடுமையாகத் தாக்கலாம் என்ற எச்சரிக்கையோடு, அமெரிக்க அரசு 2019-இல் அனுமதித்தது. பயனைவிட ஆபத்தே பெரிதெனக் கருதி ஐரோப்பிய மருந்து முகமை 2020-இல் அதனை மறுத்தது. அறிஞர்களே இருவேறு தீர்ப்பு வழங்கும் இடத்தில், வலியைச் சுமப்பவரின் குரலுக்குத் தனி எடை உண்டன்றோ?

சிகிச்சையின் சுமையும் அதன் பயனும் ஒன்றுக்கொன்று தகுந்தவையாய் இருக்கவேண்டும் என்பது அறநெறி இறையியலின் பழைய போதனை. அதன்படி, வலி குறைந்தவர் மருத்துவரின் கண்காணிப்பில் காத்திருப்பது கோழைத்தனமன்று. நடக்கவியலாதவர் ஆபத்தை அறிந்தே மருந்தை நாடுவது பேராசையுமன்று. மருத்துவர் இரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லட்டும். சுற்றத்தாராகிய நாம், "புற்றுநோய் இல்லையே, பொறுத்துக்கொள்" என்று சொல்லுமுன், "எவ்வளவு வலிக்கிறது?" என்று கேட்போம்.