ஆஸ்பத்திரி வாசலோடு முடிந்துவிடுமா?



வயதான தகப்பனாரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வருகிறீர்கள். பணம் கட்டியாயிற்று, டிஸ்சார்ஜ் சீட்டு கையில், ஆட்டோ வாசலில். அப்பாடா, முடிந்தது என்று பெருமூச்சு விடுகிறீர்கள். ஆனால் கவனம் தப்பினால் ஆபத்து வரக்கூடிய நாட்கள் அப்போதுதான் ஆரம்பமாகின்றன. அமெரிக்க தேசத்தில் மெடிக்கேர் என்னும் அரசாங்கக் காப்பீட்டில் உள்ளவர்களைப்பற்றி 2009-ம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, வீடு திரும்பியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் 30 நாட்களுக்குள் மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர்.

நம் வீட்டில் நடக்கக்கூடியதையே பாருங்கள். பழைய சர்க்கரை மாத்திரை தகர டப்பாவில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததும் வருகிறது. பெயர் வேறு, மருந்து ஒன்றே. இரண்டையும் கொடுத்தால் சர்க்கரை தாழ்ந்து பெரியவர் மயங்கி விழக்கூடும். குற்றம் யாருடையது? டாக்டர் சரியாகத்தான் எழுதினார். மகன் சீட்டில் உள்ளபடி வாங்கினான். மருமகள் வேளை தவறாமல் கொடுத்தாள். அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள். ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும் அந்த இடைவெளிக்குத்தான் சொந்தக்காரர் இல்லை.

அது ஒப்படைக்கிறவருடைய பொறுப்பு என்பதே என் எண்ணம். வாங்குகிறவர் விளங்கிக்கொண்டார் என்று தெரியும்வரை அவருக்கு விடுதலை கிடையாது. சுவிசேஷத்தில் வரும் நல்ல சமாரியனை நினைத்துப் பாருங்கள். காயத்தில் எண்ணெய் வார்த்ததைத்தான் நாம் ஞாபகம் வைக்கிறோம். அவன் சத்திரத்திலும் கூடவே இருந்து கவனித்தான்; மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, பார்த்துக்கொள்ளச் சொல்லி, திரும்பி வருவதாகவும் சொல்லிப் போனான்.

நம் குடும்பங்களில் ஆஸ்பத்திரியைவிட அடிக்கடி நடப்பது வேறொன்று உண்டு. அம்மா இரண்டு மாதம் பெரியவன் வீட்டில், இரண்டு மாதம் சின்னவன் வீட்டில். ஒரு பையோடு பஸ் ஏற்றி விடுகிறோம். எந்த மாத்திரை நிறுத்தப்பட்டது, இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறாள், ஒன்றும் கூடப் போவதில்லை. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லையென்றால் கேட்கவே வேண்டாம். பழகாத வீட்டில், இருட்டில், கழிப்பறைக்கு வழி தேடி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் யாரை நோவது? எங்கே இருக்க அவளுக்குப் பிரியம் என்றாவது கேட்டோமா? பெற்றோரைப் பராமரிக்கச் சட்டம் 2007-ல் வந்தது. இந்தக் கேள்வியை நமக்காக அது கேட்காது.

கூலி வேலைக்குப் போகிறவனுக்கு லீவு ஏது என்பீர்கள். வார்டு நர்சுக்கும் நேரமில்லை, மெய்தான். ஆனாலும் பழைய மாத்திரை டப்பாவைக் கையோடு கொண்டுபோய், எதை நிறுத்துவது, என்ன கண்டால் திரும்பி வருவது என்று கேட்கக் கால் மணி போதும். கேட்டதை உங்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். தப்பாக விளங்கியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பேச்சில்லாத தம்பி வீட்டுக்கு அம்மாவை அனுப்பும்போது, மாத்திரை வேளைகளை ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள். அதற்குச் சமாதானம் ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.