கடிக்கும் பூனை

வீட்டுப் பூனை யாரையாவது கடித்துவிட்டால் பட்டுக்கோட்டைப் பக்கம் வழங்கும் தீர்ப்பு எளிது: சாக்கில் போட்டுக் கட்டு, கல்லணைக் கால்வாய்க்கு அக்கரையில் விட்டுவிட்டு வா.

அக்கரையில் மனிதர் இல்லையா? அதன் பல் அயலார் குழந்தையின் காலில் பதிந்தால் பாதகமில்லை என்பது எந்த ஊர் நியாயம்? வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி காரணமின்றிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

குதிர் நெல்லை எலியிடமிருந்து காக்க அந்தப் பல்லைத்தானே மனிதன் விரும்பி அழைத்தான்? குட்டியாயிருந்தபோது விரலை ஆட்டிக் கடிக்கப் பழக்கியவனும் அவனே. காதை மடக்கி, வாலை வீசி, 'போதும்' என்று பூனை முன்னதாகவே சொல்கிறது, கேட்பவர் இல்லை. சாதுவாயிருந்தது திடீரென்று கடித்தால், உள்ளே ஏதோ வலி இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கருணை என்பது கடிபட்டவரை மறப்பதல்ல. காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். வெறிநோய் பூனை வழியாகவும் வரும். வந்துவிட்டால் பிழைப்பது அரிது. பூனைக்கும் தடுப்பூசி வேண்டும்.

பூனைக்குப் பாவம் தெரியாது; புண்ணியமும் தெரியாது. தெரிந்தவர் எவரோ, பொறுப்பு அவருடையது.