பாமதிக்கு உரிய பங்கு

செய்யும் தொழிலே தெய்வம் என்று நம்மவர் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஆயுத பூஜையன்று தறிக்கும் தராசுக்கும் பேனாவுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகிற நாட்டில் அந்த வாசகம் வெறும் அலங்காரமன்று. ஆனால் தொழில் தெய்வமாகிவிட்டால், அந்தத் தெய்வத்தின் சந்நிதியில் எதையெல்லாம் பலியிடலாம் என்ற கேள்வியும் கூடவே எழுந்துவிடுகிறது. வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் மனைவியையும், தகப்பன் வருமுன்பே தூங்கிப்போகும் குழந்தையையும் பலிபீடத்தில் வைத்துவிட்டு, 'நான் என் கடமையைச் செய்தேன்' என்று ஒருவன் சொல்வானாயின், அவன் பேச்சுக்குச் சாஸ்திரத்தின் ஆதரவு உண்டா என்பதே இங்கு விசாரிக்க எடுத்துக்கொண்ட விஷயம்.

அத்தகைய ஒருவனுக்குச் சாட்சி சொல்ல வேதாந்த சம்பிரதாயத்திலேயே ஒரு பெரியவர் இருக்கிறார். மிதிலை நாட்டு வாசஸ்பதி மிசிரர், நியாயம், சாங்கியம், யோகம், மீமாம்சை, வேதாந்தம் என்று ஒன்றோடொன்று வழக்காடும் தரிசனங்கள் பலவற்றுக்கும், அந்தந்தத் தரிசனத்தார் தம்மவர் என்றே கொண்டாடும்படி நூல் செய்தவர். தம்முடைய நியாயசூசீநிபந்தத்தில் 898 என்று ஆண்டைக்கூடக் குறித்து வைத்தவர். (அது விக்கிரம ஆண்டாயின் கி.பி. 841, சக ஆண்டாயின் 976; பண்டிதர்களின் தர்க்கம் ஓயவில்லை.) சங்கரர் பிரம்மசூத்திரத்துக்கு இயற்றிய பாஷ்யத்தின்மேல் அவர் எழுதிய விரிவுரைக்குப் பாமதி என்று பெயர். பாமதியின்மேல் அமலானந்தர் கல்பதருவையும், கல்பதருவின்மேல் நம் ஆரணிப் பக்கத்து அடையபலத்தில் பிறந்த அப்பய்ய தீட்சிதர் பரிமளத்தையும் எழுதினார்கள் என்றால், 16ஆம் நூற்றாண்டுத் தமிழ்நாடு வரையில் அந்தப் பெயர் எத்தனை கௌரவத்தோடு வந்து சேர்ந்தது என்பது விளங்கும்.

அந்தப் பெயரைப் பற்றிக் கர்ணபரம்பரையாக ஒரு கதை வழங்குகிறது. மணமான புதிதிலே பாஷ்யத்துக்கு உரை காணப் புகுந்த மிசிரர், பகலென்றும் இரவென்றும் பாராமல் ஓலையும் மையும் எழுதுகோலுமாக உட்கார்ந்துவிட்டார். வேளைக்குச் சோறு வந்தது, உண்டார். அகலில் எண்ணெய் வற்றும்போதெல்லாம் ஒரு கை வந்து எண்ணெய் வார்த்தது, கருகிய திரி நுனியைக் கிள்ளித் தூண்டிவிட்டது, வந்த வழியே இருளுக்குள் போயிற்று. அந்தக் கை யாருடையது என்று அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. ஆண்டுகள் பல சென்று நூல் முடிந்த இரவில், தூண்டப்போன விளக்கு அணைந்துவிட, அதை மறுபடி ஏற்றிக்கொண்டு நரைத்த தலையோடு எதிரே நின்றவளை முதன்முறையாக ஏறிட்டுப் பார்த்து, 'அம்மா, நீ யார்?' என்று கேட்டாராம். 'தங்கள் பாரியை' என்றாளாம் அவள். திடுக்கிட்டுப்போன மிசிரர், சந்ததி இல்லாமற் போனாலும் உன் பெயர் சந்திர சூரியர் உள்ளளவும் நிற்கட்டும் என்று சொல்லி, அவள் பெயரையே நூலுக்கு இட்டாராம்.

நூலின் முடிவில் மிசிரர் தம் பிற நூல்களைக் குறிக்கிறார், நிருகன் என்னும் அரசனைப் புகழ்கிறார்; இந்த விளக்குக் கதையை அங்கே காணோம். ஆகவே இதைச் சரித்திரமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் உபந்நியாசம் செய்வோர் இதைச் சொல்லும்போது கேட்போர் கண்கள் கலங்குகின்றனவே, அது எதற்காக என்பது யோசிக்கத் தக்கது. சாஸ்திரத்தில் அவருக்கிருந்த ஏகாக்கிர சித்தத்தை வியந்தும், அவளுடைய மௌன சேவையைப் போற்றியும், இறுதியில் கிடைத்த அமரப் புகழை நினைத்துத் திருப்தியுற்றும் சபை கலைகிறது. அந்தப் புகழை அவள் கேட்டாளா என்று வினவுவார் ஒருவரும் இல்லை. அவள் இழந்தது ஒரு புருஷனோடு வாழும் வாழ்க்கை. அவளுக்குக் கிடைத்ததோ ஒரு புஸ்தகத்தின் பெயர். மிசிரர் மனைவிக்குப் பட்ட கடனைத் தம் தொழிலில் செல்லும் நாணயத்தைக் கொண்டே அடைத்தார். அந்த நாணயம் அவளுடைய சமையற்கட்டில் செல்லுமா என்று பார்க்கவில்லை. அஞ்ஞானத்துக்கு ஆசிரயமாக இருப்பது பிரம்மமன்று, ஜீவனே என்பது பாமதி மரபின் தனிக் கொள்கை. அத்வைதத்தின் மற்றொரு கிளையான விவரண மரபினர் இதை ஒப்புவதில்லை. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் நின்ற மனைவியை ஆயுளில் பாதி அறியாதிருந்த ஒருவரே இந்தக் கொள்கைக்கு ஆசிரியர் என்று கதை சொல்லும்போது, விவரணத்தார் இந்த ஒரு வாதத்தில் மட்டும் விட்டுக்கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இக்காலத்து மிசிரர்களுக்குப் பாஷ்யம் கிடையாது. ஆனால் சமாதானம் அதேதான். இரவுச் சாப்பாட்டில் தட்டுக்கு அருகே கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அது அதிரும்போதெல்லாம் சாம்பார்க் கையைத் துடைத்துக்கொண்டு புரட்டிப் பார்க்கிறவரைக் கேட்டால், 'எல்லாம் உங்களுக்காகத்தானே' என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. பலனை உண்மையாகவே வீட்டாருக்கென்றுதான் ஒதுக்கி வைத்திருக்கிறார். பலனில் பற்றை விட்டவன் கர்மயோகி என்று கீதையை அரைகுறையாகக் கேட்டவர்கள் இவரைக் கர்மயோகி என்றே சொல்லிவிடவும் கூடும். அதே கீதை பதினான்காம் அத்தியாயத்தில், ரஜோகுணமானது ஜீவனைக் கட்டுவதே கர்மத்தில் உள்ள பற்றினால்தான் என்று சொல்கிறது; ஆறாம் அத்தியாயத்தில் உணவும் உலாவலும் முயற்சியும் உறக்கமும் விழிப்பும் அளவோடு அமைந்தவனுக்கே யோகம் துன்பத்தைப் போக்கும் என்கிறது. பலனைத் துறந்தும் வேலையைத் துறக்க முடியாதவன் கட்டுண்டவனே. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில், காப்பித்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்க்கும் அதிகாரிகளை நான் கண்டிருக்கிறேன். முப்பது ஆண்டுகளாகக் குடியிருந்த வீட்டில் அவர்கள் அன்றுதான் விருந்தாளியாகப் புகுந்தார்கள்.

அப்படியானால் பொழுதை எவ்வாறு பங்கிடுவது? தக்ஷஸ்மிருதி இதற்கு வியக்கத்தக்க நுட்பத்தோடு விடை சொல்கிறது. பகற்பொழுதை எட்டுக் கூறாக்கி, முதற் கூறு தேவகாரியத்துக்கு, இரண்டாவது வேதாப்பியாசத்துக்கு, மூன்றாவது பொருளீட்டத்துக்கு, நான்காவது ஸ்நானத்துக்கு, ஐந்தாவது உணவைப் பகுத்து எல்லாருக்கும் இட்டு உண்பதற்கு, ஆறும் ஏழும் இதிகாச புராணங்களுக்கு, எட்டாவது உலகியல் விவகாரங்களுக்கு என்று வகுக்கிறது. கணக்குப் போட்டால் பொருளீட்டத்துக்கு ஒன்றரை மணி நேரமே மிஞ்சும்! அந்தக் கூறையும் அது 'சம்பாதித்துக்கொள்' என்று மொட்டையாக விடாமல், காப்பாற்றப்பட வேண்டியவர்களுக்காக என்று சொல்லி, தாய், தந்தை, குரு, மனைவி, மக்கள், எளியோர், அண்டினோர், விருந்தினர் என்று அவர்களை எண்ணியும் காட்டுகிறது. வேதம் ஓதுவதற்கே பிரதமை, அஷ்டமி, சதுர்த்தசி முதலிய திதிகளில் அநத்யயனம் என்று ஓய்வு வைத்த மரபு அல்லவா? வேதமே ஓய்ந்திருக்கலாகும் நாளில் நம் அலுவலகக் கோப்பு ஓய்ந்திருந்தால் குடி முழுகிவிடாது.

இந்த இடத்தில் ஓர் ஆட்சேபத்தைத் தட்டிக்கழித்துவிட்டுப் போவது நேர்மையாகாது. ஒன்றரை மணி நேரத்தில் ஸ்மிருதிகாரன் தேடும் பொருள், பிறர் நாள் முழுவதும் உழுதும் நெய்தும் சுமந்தும் உண்டாக்கிய பொருள். எட்டுக் கூறு பகல் அந்தப் பிறருக்கு எழுதப்படவில்லை. ஆலையில் ஒரு ஷிப்டு முடித்து, வட்டி கட்டுவதற்காக இன்னொரு ஷிப்டு நிற்கிறவனிடம் போய், வீட்டுக்கு நேரம் ஒதுக்கு என்று உபதேசிப்பவன் அவனுடைய கூலியைப் பற்றி முதலில் பேசட்டும். இங்கே நான் விசாரிப்பது, ஓலையைக் கீழே வைக்கக் கூடியவர்களாயிருந்தும் வைக்காதவர்களையே.

தமிழ் அகத்திணை மரபு இந்தச் சங்கடத்தை மறைக்காமல் நடுவீட்டிலேயே கொண்டுவந்து வைத்தது. பொருள்வயிற் பிரிவு என்று ஒரு துறையே வகுத்து, போக வேண்டியதுதான் என்பதையும் ஒப்புக்கொண்டு, புறப்படுமுன் தலைவன் தயங்கி நிற்பதைச் செலவழுங்கல் என்று தனியாக எடுத்துப் பாடினார்கள். அந்தத் தயக்கம் போகாமல் விட்டுவிடுவதன்று. அவளைத் தேற்றுவதற்காக எடுத்துக்கொள்ளும் அவகாசம் என்று தொல்காப்பியம் தெளிவும் செய்கிறது. 301 அடி கொண்ட பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வமெல்லாம் அடுக்கி அடுக்கி வருணிக்கப்படுவது, அத்தனையும் கிடைப்பதாயினும் இவளைப் பிரிந்து வாரேன் என்று தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்வதற்காகவே. அவன் பிறகு போனானோ, போகவில்லையோ; போகுமுன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டான் என்பதுதான் கவிஞருக்கு வேண்டியிருந்தது. மணிக்கணக்கைப் பற்றி அங்கே வழக்கே இல்லை.

உபநிஷத்தின் யாக்ஞவல்கியரும் பிரிந்து போகிறவர்தான். அதுவும் பொருளுக்காக அன்று, இல்லறத்தையே விட்டுப் போகிறவர். தம் மனைவியரான மைத்ரேயிக்கும் காத்தியாயனிக்கும் சொத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்ப எண்ணினார். செல்வம் நிறைந்த பூமி முழுவதும் எனதானாலும் அதனால் நான் அமிருதத்துவம் பெறுவேனா என்று மைத்ரேயி கேட்டாள். இல்லை என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். அதனால் ஆகாதாயின் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, தாங்கள் அறிந்ததைச் சொல்லுங்கள் என்றாள் அவள். 'வா, உட்கார்' என்றார் முனிவர். வேதாந்தத்தின் தலைசிறந்த உபதேசங்களில் ஒன்று, கிளம்பப்போகும் கணவன் மனைவியின் கேள்விக்காக உட்கார்ந்து பேசிய பேச்சாக அமைந்திருப்பதும், பிருஹதாரண்யகம் அதை இரண்டு இடங்களில் சொல்லியிருப்பதும் தற்செயல் என்று என்னால் எண்ண முடியவில்லை. காத்தியாயனியைப் பற்றி மட்டும், பெண்டிர்க்குரிய சாமானிய அறிவு உடையவள் என்ற ஒரு வரியோடு நூல் நகர்ந்துவிடுகிறது. அவள் ஒன்றும் கேட்கவில்லையோ, கேட்டும் எழுதி வைப்பாரில்லையோ. பங்கை வாங்கிக்கொண்டு நின்ற அவளிடமும் முனிவர் ஒரு பொழுது உட்கார்ந்து பேசினார் என்று அறிந்தாலன்றி, அவருடைய கணக்குத் தீர்ந்துவிட்டதாக நான் ஒப்பமாட்டேன்.